127 டிகிரி: கொல்லிமலைக் கணினி ஒன்றின் வெப்பநிலைக் கூற்றுகளில் காணும் குற்றங்கள், நன்னூல் வழி ஓர் ஆய்வு

செம்மேட்டில் ஒரு வீட்டு மேசைக் கணினி, மார்கழி விடியலில், தன் வயிற்றுக்குள் ஓரிடத்தில் 127 டிகிரி செல்சியஸ் நிலவுவதாகத் திரையில் அறிவித்தது. அதே நொடியில் அதே பெட்டி, இன்னோரிடத்தில் 14 டிகிரிதான் என்றது. இவ்விரு கூற்றுகளையும் ஒருசேர நம்ப முடியாமையே இவ்வாய்வின் தோற்றுவாய்.

வீட்டு ஆயா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "என்ன கண்ணு, கொதிக்குதுன்னே? சில்லுன்னுல்ல கெடக்குது!" அளவை நூலார் முறைப்படி பிரித்தால் காட்சி அளவை ஆயாவின் பக்கம், உரை அளவை கணினியின் பக்கம், எஞ்சிய அனுமானம் நம் பக்கம். கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 96 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பெட்டி சொல்வது மெய்யென்றால், இட்லிக் குண்டானைவிடச் சூடான ஓர் இடம் அதற்குள் சத்தமில்லாமல் இருந்தாக வேண்டும்.

இதுகாறும் இத்துறையில் இரு பள்ளிகளே உள்ளன. பெட்டியைத் திறந்துபோட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்போர் ஒரு சாரார். "சென்சார் போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போவோர் மறு சாரார். திரையில் தெரிவதும் ஒரு நூல், அதற்கும் நூற்குற்றம் பொருந்தும் என்பதை இருவருமே கண்டாரில்லை. பவணந்தியார் நன்னூலில் குற்றம் பத்து என்கிறார். நம் பெட்டியிடம் அவற்றில் மூன்று பழுதறக் காணக் கிடைக்கின்றன, நான்காவது ஒன்று இருப்பதுபோலத் தோன்றுகிறது.

முதலாவது மிகைபடக் கூறல். மதர்போர்டில் ஃபேன் வேகம், மின்னழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்க ஒரு சிப் உண்டு. வெப்பத்துக்கென அதில் பல கால்கள். செய்த கம்பெனி எல்லாக் காலிலும் சென்சாரைப் பொருத்துவதில்லை. ஒன்றுமே மாட்டாமல் அந்தரத்தில் விட்ட காலையும் சாஃப்ட்வேர் கடமை தவறாமல் படிக்கிறது. எட்டு பிட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127, மிகச் சிறியது -128. ஆகவே 127 என்பது வெப்பநிலையே அன்று. அளவுகோல் அங்கே தீர்ந்துபோயிற்று, அவ்வளவே. லினக்ஸில் இக்காலுக்குப் பெரும்பாலும் 'ஆக்ஸ்டின்' என்று பெயர். பழைய கார் கம்பெனியோடு இதற்கு உறவில்லை.

இக்குற்றத்தைப் பெரிய இடத்தாரும் செய்வர். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டி நாட்டையே வியர்க்க வைத்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை போய்ச் சோதித்து, சென்சார் 3 டிகிரி கூட்டிச் சொல்கிறது என்றது. தெரிந்தே மிகைபடக் கூறியவர்களும் உண்டு. 2017இல் வந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் சிப்புகள் உள்ளதைவிட 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. எல்லா மாடல்களிலும் ஃபேன் ஒரே சீராக ஓட வேண்டும் என்பது கம்பெனி சொன்ன காரணம். வாங்கியவர்கள் பாவம், தெர்மல் பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பூசினார்கள்.

அடுத்தது குன்றக் கூறல். காற்றால் குளிரும் பொருள் அந்தக் காற்றைவிடக் குளிர முடியாது. அறை 17 டிகிரி இருக்க, சிபியு 14 என்றால் அது பொய். இங்கேதான் கொல்லிமலை ஆய்வாளரை ஏமாற்றும். உயரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நாமக்கல்லில் சித்திரை மத்தியானம் சிபியு 27 என்று காட்டினால் கேட்காமலே பொய் என்றுவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தபின் அதே 27 மெய்யாகவும் இருக்கக்கூடும். அறையில் ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் சிபியுவைப் பொய்யர் என்பது அவதூறு.

பொய்யின் காரணம் சுவையானது. இன்டெல் சிப்பில் உள்ள சென்சார் வெப்பநிலையைச் சொல்வதே இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை மட்டும் சொல்லும். வரம்பு 100 என்று வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர்தான் கழித்துப் போடுகிறது. வரம்பை 95 என்று தவறாக எடுத்தால் எல்லா எண்ணும் ஐந்து குறையும். மேலும் அச்சென்சார் துல்லியமாக இருக்க வேண்டியது ஆபத்துக்கு அருகில்; குளிர்ந்த நிலையில் அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

கூறியது கூறல் மூன்றாவது. பெட்டி காட்டும் இன்னோர் எண் மார்கழியிலும் 27.8, சித்திரையிலும் 27.8. பயாஸ் இவ்வெப்ப எண்ணைக் கெல்வினின் பத்தில் ஒரு பங்கு அலகில் எழுதும். யாரோ ஒரு பொறியாளர் 3010 என்று நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். 301.0 கெல்வினிலிருந்து 273.2 கழித்துப் பாருங்கள்.

பயாஸ் திரையில் 45, விண்டோஸில் 31 என்பது மாறுகொளக் கூறல் போலத் தோன்றும். அன்று. பயாஸ் சிபியுவைத் தூங்க விடாது, விண்டோஸ் விடும், இரண்டும் மெய். எஞ்சிய ஆறு குற்றங்களை முனைவர் பட்டம் தேடுவோருக்கு விட்டுவைக்கிறோம்.

மெய் காணும் முறை எளிது. இரவு முழுக்க அணைத்து வைத்த கணினியை விடியலில் போட்டு, முதலில் வரும் எண்களை அறை வெப்பத்தோடு ஒப்பிடுக. பிறகு கனமான வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்க்க. ஏறி இறங்கும் எண்ணுக்கு உயிருண்டு. அசையாத எண்ணை விட்டுவிடலாம். ஆயாவின் உள்ளங்கை முறை பெட்டியின் தகரத்துக்கு மட்டுமே செல்லும், உள்ளே சிப் 80ஐத் தொட்டாலும் தகரம் சில்லென்றே கிடக்கும்.

வரம்பை எட்டினால் சிபியு தானே வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துவிடும். மலையில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஃபேனுக்குச் சற்றே சிரமம். குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட முடியாதது ஹீட்சிங்க் இடுக்கில் அடையும் தூசியும் விறகடுப்புக் கரியும்தான். வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அந்த 127ஐ லினக்ஸ் அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி எழுதி மறைத்துவிடலாம்.