பேஸ் கிட்டார் வாங்கி, வாசிக்காமல் இருப்பது எப்படி?

என்னிடம் மூன்று பேஸ் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று அலமாரிக்கு மேல், இன்னொன்று ஸ்டாண்டில். மாமியார் வந்து தங்கும் நாள்களில் அந்த ஸ்டாண்டில் துண்டு காயும். வாசிக்கத் தெரிந்த பாட்டு ஒன்றரை. இந்த நிலையை ஒரே நாளில் எட்டிவிடவில்லை. பதினோரு ஆண்டு உழைத்திருக்கிறேன், போனஸைக் கொட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் என்னைப் போல ஆக விரும்புவோர் பலரும் கேட்டுக்கொண்டதற்கு இணங்க (யாரும் கேட்கவில்லை, ஆனால் இப்படித்தான் தொடங்குவது வழக்கம்) இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் கடைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை தேக்காவில் பிரியாணியை முடித்துக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறுங்கள். அடுத்த நிறுத்தம் டோபி காட்; அங்கே மாறினால் அடுத்தது சிட்டி ஹால். இறங்கி நடந்தால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். கிட்டார் வாங்குகிறவர்கள் காலங்காலமாகப் போகிற இடம். சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, ஆம்ப்ளிஃபையரில் சொருகிவிட்டு நகர்ந்துவிடுவார். இது ஆபத்தான கட்டம். பக்கத்து நாற்காலியில் பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் உட்கார்ந்து கட்டைவிரலால் தந்தியை அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி, கடையையே அதிர வைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் வாசித்துவிடாதீர்கள். பேஸைக் கண் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறிபார்ப்பது போலக் கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். பிறகு ‘ஆக்‌ஷன் கொஞ்சம் உயரம்’ என்று சொல்லுங்கள். தந்திக்கும் விரல் பலகைக்கும் நடுவே உள்ள உயரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். எந்த பேஸுக்கும் இது பொருந்தும். பையன்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

எதை வாங்குவது? ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் ஒன்று, 1960இல் வந்த ஜாஸ் ஒன்று. உலகத்து பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிரிசிஷனுக்கு முன்னால் பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்; தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது, மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் காதிலும் விழாது. லியோ ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி, விரல் பலகையில் ‘ஃபிரெட்’ எனும் கட்டைகளைப் பதித்தார். சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான் பிரிசிஷன் என்ற பெயர். இந்த வழிகாட்டிக்கு முக்கியமான செய்தி வேறு. ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்த லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. நம் குலதெய்வம் அவர்தான். படம் கிடைத்தால் ஃபிரேம் போட்டு மாட்டுங்கள்.

மாட்டக் கூடாத படம் ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்தவர். வலக்கையில் ஒரே ஒரு விரல், ஆள்காட்டி விரல் மட்டும். பல ஆண்டு ஒரே பிரிசிஷன். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் படித்தால் அடுத்த மாதம் என்ன வாங்குவது என்ற உற்சாகமே போய்விடும்.

பேஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அதை வாசிக்காமல் பராமரிக்க வேண்டும். இதற்குச் சிங்கப்பூரை விட்டால் நல்ல ஊர் கிடையாது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். இரவில் ஏர்கான் போட்டால் அறை காய்ந்துவிடும். காலையில் அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால் மறுபடி ஊறும். மரம் என்ன செய்யும்? நாலு தந்தியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. அதைத் தாங்கிக்கொண்டே இந்த ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் ஈடு கொடுத்துக் கழுத்து மெல்ல வளையும், நிமிரும். பாருங்கள், எவ்வளவு வேலை! முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஏழாம் கட்டைக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு கை போதாது. மனைவியைக் கூப்பிட வேண்டும். ‘கார்டு போகுதா?’ ‘போகுது.’ ‘லூசாப் போகுதா, இறுக்கமாப் போகுதா?’ மூன்றாவது தடவை கேட்டால் கார்டு எங்கே போகும் என்று அவரே சொல்வார்.

கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையில் ஆலன் சாவியைப் போட்டுக் கால் சுற்று திருக வேண்டும், பிறகு ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் சொல்வது இதுதான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க மாட்டாமல் முழுச் சுற்று திருகினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், முருங்கைக்காய் உடைந்த மாதிரி. இரண்டாவது பேஸ் வாங்கிய கதை அதுதான்.

மூன்றாவது, கைமாறி வந்தது. கேரோசல் செயலியில் ‘வீடு மாறுகிறேன், அவசர விற்பனை, அதிகம் பயன்படுத்தவில்லை’ என்று போட்டிருந்தார்கள். இந்த ஊரில் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் எல்லாம் எம்ஆர்டி நிலையத்துக் கட்டண வாயிலில்தான் நடக்கும். விற்பவர் உள்ளே, வாங்குபவர் வெளியே, நடுவில் கம்பித் தடுப்பு. ஒருவர் வாசிக்காத பேஸ் தடுப்பைத் தாண்டி, இன்னொருவர் வாசிக்காத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. விற்றவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சாதகம் செய்யாமலிருக்கக் காரணம் தேடுகிறீர்களா? அண்டை வீட்டார் இருக்கிறார்கள். பேஸின் அடித்தந்தி ‘ஈ’. நொடிக்கு 41 அதிர்வு. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். என் படுக்கையறையில் அவ்வளவு இடமில்லை; அலை பாதி என் வீட்டிலும் மீதி கீழ்வீட்டிலுமாகத்தான் குடியிருக்க வேண்டும். வீவக அடுக்குமாடியில் கூர்மையான சத்தத்தைக் கதவு ஓரளவு தடுக்கும். தாழ்ந்த ஒலி கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடும். ஒருநாள் மாலை கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டினார். கோபமே இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்: ‘உங்க வாஷிங் மெஷின் கெட்டுப்போச்சா? என் மகனுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்.’ நான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ‘மூடுபனி’ படத்து ‘என் இனிய பொன் நிலாவே’. ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கே சரியாகிவிடும் என்றேன். மறுநாள் முதல் வாசிக்கவில்லை. சரியாகிவிட்டது.

இரவு 10:30 முதல் காலை 7 வரை சத்தத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அறிவுரை உண்டு. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, குளித்து, பேஸைத் துடைத்து, சுருதி சேர்த்து முடிக்க 10:25 ஆகிவிடும் என்றால் நீங்கள் சரியாகத் திட்டமிடுகிறீர்கள். ஓர் எச்சரிக்கை: பேஸின் துளையில் நேராகச் சொருகி ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிற குட்டி ஆம்ப் ஒன்று சந்தையில் இருக்கிறது, இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்த அளவுதான். அதை வாங்கினால் நள்ளிரவிலும் வாசிக்கலாம், ஆன்ட்டிக்குக் கேட்காது. காரணம் எல்லாம் கைவிட்டுப் போய்விடும். நானும் வாங்கினேன், மறுக்கவில்லை. சார்ஜ் போடும் ஒயரைத் தொலைத்து நிலைமையைச் சமாளித்தேன். மெட்ரோனோம் பற்றி ஒரே வரி: அது பொய் சொல்லாது, வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டுக் கேட்பதிலும் கவனம் தேவை. இளையராஜா பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரனை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு. பாடகர் ஒரு பக்கம் போக, வயலின்கள் ஒரு பக்கம் போக, அடியில் தனியாக இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். இதிலிருந்து தப்பிக்க எளிய வழி, கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பது. அவ்வளவு சிறிய ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் முழுப் பாட்டையும் ரசிக்கலாம். எம்ஆர்டியில் சிலர் ஊருக்கே கேட்கும்படி செய்வது இதைத்தான்.

‘சிங்கப்பூர்த் தமிழனுக்கு இதெல்லாம் வருமா’ என்ற சாக்கு மட்டும் இங்கே செல்லாது. 1992இல் தொடங்கிய ருத்ரா என்ற மெட்டல் குழு இந்த ஊரில்தான் இருக்கிறது. வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலில் ஏற்றியவர்கள். வேதிக் மெட்டல் என்று அந்த வகைக்கே பெயர். அதில் பாடுகிறவர் கதிர். பாடுவது என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமுவது. உறுமிக்கொண்டே பேஸும் வாசிக்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்து பாருங்கள், நாக்கும் விரலும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். முப்பது ஆண்டுக்கு மேல் இதைச் செய்துகொண்டிருக்கிறவரைப் பற்றி என் மகன் சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தபோது, குழம்பில் உப்பு குறைவு என்று நான் பேச்சை மாற்றினேன்.

இசைக் கோட்பாட்டைக் கண்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஓடத் தேவையில்லை, அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம், ஆண்டுக்கணக்கில் யாரும் தேடமாட்டார்கள். பியானோ படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் ‘கிரேடு ஃபைவ் தியரி’ என்பது பிஎஸ்எல்இக்கு அடுத்தபடி பேசப்படும் பெயர். ஏபிஆர்எஸ்எம் ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக அதையோ அதற்கு ஈடான ஒன்றையோ தேறியிருக்க வேண்டும். எனக்கு அது தேவையே இல்லை. பேஸ் கிட்டாருக்கென்றே டிரினிட்டியும் ராக்ஸ்கூலும் தனியாகத் தேர்வு வைக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் வாங்குகிறார்களே என்று நானும் புத்தகம் வாங்கினேன். இதைத்தான் கியாசு என்கிறோம்.

பிறகு நம் பக்கம் திரும்பினேன். மேஜர் ஸ்கேல் சங்கராபரணம்தான். அதே சுரங்களை ரி-யை ஆதாரமாக வைத்துப் பாடினால் கரகரப்ரியா, அவர்கள் மொழியில் டோரியன். க-வில் தோடி, ஃபிரிஜியன். ம-வில் கல்யாணி, லிடியன். ப-வில் அரிகாம்போதி, த-வில் நடபைரவி. மூன்று நிறத்தில் அட்டவணை போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன், தினமும் அதைப் பார்த்தபடிதான் பால் எடுக்கிறேன். அங்கிருந்து ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதற்கப்புறம் விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947). இரண்டும் கொண்டுபோய் விட்ட இடம் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை. மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். குரல் கண்ணன், இளி பலராமன். குரலுக்கு ஐந்தாவது இளி. ச என்றால் ப. அண்ணனும் தம்பியும். மேல்நாட்டார் ஐந்தாம் சுர வட்டம் என்று வரைகிற படத்தின் சங்கதியும் இந்தச் ச-ப உறவுதான். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேஸைத் தொடவும் இல்லை.

தேக்காவில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் உண்டு. எண்பதுகளில் மேடைக் கச்சேரிகளில் பேஸ் வாசித்தவர். தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது குரல்-இளி கதை முழுவதையும் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கோப்பையை நகர்த்திவிட்டு இடக்கை விரல்களை மேசை விளிம்பில் வைத்தார். ‘அடித்தந்தியிலேர்ந்து ரெண்டாவது, மூணாங்கட்டை. ஒரு கட்டை சுருதிக்கு அதான் ச. அடுத்த தந்தியில ரெண்டு கட்டை தள்ளி ப. அதுக்கு நேர் அடுத்த தந்தியில, அதே கட்டையில மேல் ச. சுருதி மாறினா கையை அப்படியே நகத்து. பிடி மாறாது.’ மூன்று விரல் இடம். மேசையில் சத்தமே வராமல் ச, ப, ச என்று தட்டிக் காட்டினார். வலக்கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தம்புரா நடந்து போவது மாதிரி இருந்தது. ‘ஒரு மாசம் இது மட்டும் வாசி. அப்புறம் வந்து சொல்லு.’

அன்று மாலையே ஒரு லூப் பெடல் வாங்கினேன். நாம் வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அது திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒரு மாதம் ச-ப-ச வாசிக்க நான் எதற்கு, அது வாசிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கும் முதலில் ஒரு தடவை ஒழுங்கான தாளத்தில் நான் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் பெரியவர் உட்காரும் மேசைப் பக்கம் போகாமல், பஃபலோ ரோடு வழியாகச் சுற்றிப் போய்க் காய்கறி வாங்குகிறேன்.

விற்பனைக்கு: லூப் பெடல் ஒன்று, அட்டைப்பெட்டியோடு. ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று, ஒயர் இல்லாமல். மெட்ரோனோம் ஒன்று, புத்தம் புதியது. ஐந்தாம் கிரேடு தியரிப் புத்தகம் ஒன்று, பன்னிரண்டாம் பக்கம் வரை மட்டும் பென்சில் கோடு. ஃபேரர் பார்க் நிலையக் கட்டண வாயிலில் வந்து வாங்கிக்கொள்ளலாம், விலை பேசிக்கொள்ளலாம். பேஸ் மூன்றும் விற்பனைக்கு இல்லை. நாலாவது, ஐந்து தந்தி வைத்தது, எங்காவது மலிவாக வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.