அரைவாசி நாட்டிலிருந்து ஒரு கடிதம்

ரொறன்ரோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"கனடாக்காரனும் அமெரிக்காக்காரனும் கதைப்பது ஒரே இங்கிலீசு, போடுவது ஒரே காற்சட்டை, தின்பது ஒரே பேர்கர், பிறகு நடுவில் எதற்கு ஓர் எல்லை?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இங்கே வந்தால் இந்தக் கேள்வியை மட்டும் ஒரு கனேடியரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் கோபப்பட மாட்டார். உங்களை இருத்திவைத்து ஒரு பட்டியல் சொல்லத் தொடங்குவார். அது கோபத்தைவிடக் கொடியது. அங்கே 'ரெஸ்ட்ரூம்', இங்கே 'வோஷ்ரூம்'. அங்கே 'தேர்ட் கிரேட்', இங்கே 'கிரேட் த்ரீ'. அங்கே கடைசி எழுத்து 'சீ', இங்கே எங்கள் பள்ளிக்கூடத்தைப் போல 'செட்'. அவர்களுடைய நன்றியறிதல் நாள் நவம்பர் வியாழக்கிழமையில், இவர்களுடையது ஒக்ரோபர் திங்கட்கிழமையில். ஒன்ராறியோவில் பால் பையில் வரும். மின்சாரக் கட்டணத்துக்குப் பெயர் 'ஹைட்ரோ பில்'. எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு நாடு வராது, ஒரு மளிகைப் பட்டியல்தான் வரும். வித்தியாசம் சொற்களுக்கு அடியில் வேறோர் இடத்தில் கிடக்கிறது என்பது என் கட்சி. அமெரிக்கர் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் ஆமா, இல்லையா என்று தீர்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். கனேடியர் அதை அரைவாசியில் நிறுத்துவார்கள். நிறுத்திய அரைவாசிக்குள்ளேயே குடிபுகுந்து சந்தோஷமாக இருப்பார்கள்.

அளவைகளை எடுங்கள். 1970 இல் ஒட்டாவா அரசாங்கம் மெற்றிக் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. 1975 ஏப்ரல் முதலாம் திகதி வானிலை அறிக்கை செல்சியசுக்கு மாறியது. முட்டாள்கள் தினத்தைத் தேடிப்பிடித்த அதிகாரி யாரோ தெரியாது. 1977 இல் றோட்டுப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறின. சனம் முணுமுணுத்தது. 1984 இல் ஆட்சி மாறியது. அடுத்த வருடம் மெற்றிக் ஆணைக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். கலைத்தவர்கள் பழைய அளவைகளை மீட்டு வந்தார்களா? அதுவும் இல்லை. எல்லாம் நின்ற இடத்தில் நின்றன, இன்றைக்கும் அங்கேயே நிற்கின்றன. வெளிக்குளிர் செல்சியசில், கேக் வேகும் சூடு பரனைற்றில். கார் ஓடும் தூரம் கிலோமீற்றரில், ஓட்டுகிறவரின் உயரம் அடியில், எடை இறாத்தலில். கடை விளம்பரத்தில் கோழியின் விலை இறாத்தலுக்குப் பெரிய எழுத்திலும் கிலோவுக்குப் பொடி எழுத்திலும் இருக்கும். பட்டர் பொதியில் 454 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். அது என்ன கணக்கு என்று தலையைச் சொறிய வேண்டாம். பழைய ஓர் இறாத்தல்தான் மெற்றிக் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இந்த இரட்டை வாழ்க்கை ஒருமுறை ஆகாயத்திலும் புகுந்து விளையாடியது. 1983 ஜூலையில் எயர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767 ஒன்றுக்குக் கிலோவில் போடவேண்டிய எரிபொருள் கணக்கை இறாத்தலில் போட்டுவிட்டார்கள். தேவைப்பட்டதில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் வெறுந்தாங்கியோடு நின்றது. விமானி அதைப் பருந்துபோல மிதக்கவிட்டு, மனிற்றோபாவில் கிம்லி என்ற ஊரில் கார்ப்பந்தயம் நடந்துகொண்டிருந்த ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். வேறொரு நாடென்றால் மறுநாளே ஒரே அளவைதான் என்று சட்டம் போட்டிருக்கும். கனேடியர் விமானத்துக்கு அந்த ஊரின் பெயரைச் செல்லப்பெயராக வைத்துவிட்டு, வழமைபோல இறாத்தலில் கோழி வாங்கப் போனார்கள்.

"அமெரிக்கரும்தானே மைலிலும் கலனிலும் நிற்கிறார்கள்?" என்று குறுக்கே கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். அவர்களும் 1975 இல் ஒரு மெற்றிக் சட்டம் கொண்டுவந்தார்கள். விரும்பியவர் மாறலாம் என்றது சட்டம், விரும்பவில்லை என்றது சனம், கதை முடிந்தது. கோலாப் போத்தல் மட்டும் எப்படியோ இரண்டு லீட்டரில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் அது மறுப்பு, சித்தப்பா, அரைவாசி அல்ல. வேண்டாம் என்று சொல்வதும் ஒரு தீர்ப்புத்தானே. கனேடியரிடம் வாங்கமுடியாத ஒரே பொருள் அந்தத் தீர்ப்புத்தான்.

எழுத்திலும் இதே கூத்து. நோவா வெப்ஸ்டர் 1828 இல் அகராதி போட்டு, 'கலர்' என்பதில் 'யூ' தேவையில்லை என்று அமெரிக்கருக்கு முடிவுகட்டிக் கொடுத்தார். கனடாவின் முதற் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் 1890 இல் ஓர் ஆணை பிறப்பித்து, அரச ஆவணங்களில் அந்த 'யூ'வைக் காப்பாற்றினார். பிரித்தானியப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். ஆனால் கார்த்தொழில் டெற்றோயிற்றிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்தபோது கார்ச் சொற்கள் அமெரிக்க எழுத்தோடேயே வந்து இறங்கிவிட்டன. அதனால் இங்கே ஒரு 'ரயர் சென்ரர்' பலகையைப் பார்த்தால் முதற்சொல் அமெரிக்க முறையில் 'ஐ' போட்டும், இரண்டாஞ்சொல் லண்டன் முறையில் 'ஆர்' எழுத்துக்குப் பின்னால் 'ஈ' போட்டும் எழுதியிருக்கும். ஒரே பலகையில் இரண்டு சாம்ராச்சியம். 'செட்'டும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியின் அரிச்சுவடிப் பாட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகள் 'சீ' என்பார்கள். அவர்களே வளர்ந்தபின் 'செட்'டுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று ரொறன்ரோவின் மொழியியலாளர் ஜே. கே. சேம்பர்ஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். மொழி மாறுகிறது என்று கலங்க வேண்டியதில்லை. வயது மாறுகிறது, அவ்வளவுதான். பேச்சின் முடிவில் இவர்கள் சேர்க்கும் 'ஏ?'யைப் பற்றி அமெரிக்கர் செய்யாத பகிடி இல்லை. அதில் எங்களுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. "நல்ல குளிர், என்ன?" என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் இழுப்பதும் அதேதான்: வாக்கியத்தில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கேட்பவரின் தலையில் கட்டுவது.

இனி 'சொறி'க்கு வருவோம். கனேடியரின் காலை மிதித்தால் மிதிபட்டவரே 'சொறி' சொல்வார் என்பது பழைய பகிடி. அதை நம்பி இவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. பனிக்காலக் காலையில் ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையைப் பார்த்தால் அந்த எண்ணம் தானே கரைந்துவிடும். 'சொறி' நல்ல குணத்தின் அடையாளம் அல்ல. யார் பிழை என்ற வழக்கைத் தொடங்காமலே மூடும் வழி. சட்டம்கூட அப்படித்தான் சொல்கிறது. 2006 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2009 இல் ஒன்ராறியோவும் மன்னிப்புச் சட்டம் என்றே பெயரிட்டு ஒவ்வொரு சட்டம் இயற்றின: ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்பதை வைத்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று குடியியல் வழக்கில் வாதிட முடியாது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் இதுபோலச் சட்டங்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அனுதாப வார்த்தையைத்தான் காக்கின்றன; "என் பிழை" என்று வாய்தவறிச் சொன்னால் காப்பதில்லை. பிழை யாருடையது என்பது அங்கே எப்படியும் தீர்ந்தாக வேண்டும். இங்கே தீராமலே எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க இரண்டு நாடுகளும் பிறந்த விதத்தைப் பார்த்தால் போதும். அமெரிக்கர் 1776 இல் அரசனோடு உறவை முறித்துச் சண்டைபிடித்து வென்றார்கள். முறிப்பதில் உடன்பாடில்லாத பல்லாயிரம் பேர் வடக்கே ஏறி வந்தார்கள்; அவர்களும், அதற்கு முன்பே இங்கிருந்த பிரெஞ்சுக்காரரும், ஒருவரையொருவர் விரும்பாமலே சேர்ந்து வாழவேண்டி வந்தது. 1867 இல் இவர்கள் லண்டனிடம் கேட்டு ஒரு நாடு வாங்கினார்கள். அதுவும் முழு நாடு அல்ல. எங்களூரில் காசு வந்தால் மேல்மாடி கட்டலாம் என்று கூரைக்குமேல் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்களே, அப்படி ஒரு வீடு. சொந்தக் கொடி வர 1965 ஆனது. தேசிய கீதத்தைச் சட்டமாக்க 1980 ஆனது. அரசியலமைப்பைத் தாங்களே திருத்தும் அதிகாரம் 1982 இல்தான் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த அரசியலமைப்புக்குக் கியூபெக் மாகாணம் இன்றுவரை சம்மதம் தெரிவிக்கவில்லை. ஆனாலும் அது அங்கேயும் அமுலில் இருக்கிறது. அரசனும் போகவில்லை, 2025 மேயில் சார்ள்ஸ் மன்னர் ஒட்டாவாவுக்கு வந்து சிம்மாசன உரையை வாசித்துவிட்டுப் போனார். 1972 இல் சீபீசீ வானொலியில் பீற்றர் கிசோவ்ஸ்கி ஒரு போட்டி வைத்தார்: அப்பிள் பை போல அமெரிக்கத்தனம் என்பார்களே, அதற்குச் சமமாக எதைப் போலக் கனேடியத்தனம் என்று சொல்லலாம்? நிலைமைக்கு ஏற்ப முடிந்தவரைக்கும் கனேடியத்தனம் என்று எழுதியவருக்குப் பரிசு கிடைத்தது. உவமையும் அரைவாசியில் நின்றது, பரிசும் அதற்குத்தான்.

என் கட்சிக்குப் பெரிய சோதனை கியூபெக்தான் என்பதை நீங்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் அரைவாசிக்காரர் அல்லர். 1977 இன் மொழிச்சட்டத்தோடு பிரெஞ்சு முதலிடம் என்று அடித்துச் சொன்னார்கள். பிரான்சிலேயே றோட்டில் 'ஸ்டொப்' என்று இருக்கும் பலகை கியூபெக்கில் 'அரே' என்று சுத்தப் பிரெஞ்சில் நிற்கும். ஆனால் பிரிந்து போவதா என்று அவர்களே 1995 இல் வாக்கெடுத்தபோது வேண்டாம் என்றவர்கள் 50.58 வீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 வீதம். இதைவிடச் சரியாக ஒரு நாட்டை நடுவில் நிறுத்த எந்தத் தராசாலும் முடியாது. வீட்டுக்குள் இப்படி ஒரு பங்காளி இருக்கும்போது மற்றவர்கள் எதையும் கடைசிவரை இழுக்கத் துணியமாட்டார்கள். அவர்கள் பாதியில் நிறுத்துவது சோம்பேறித்தனமல்ல, அனுபவம். அமெரிக்கர் ஒரு கேள்வியைக் கடைசிவரை இழுத்துப் பார்த்ததற்கு 1861 இலிருந்து நான்கு வருடம் உள்நாட்டுப் போர் நடந்தது. இழுபறி தீர்க்கப்படாமல் இருப்பதைவிடத் தீர்க்கப்படும் விதம் பயங்கரமாக இருக்கலாம் என்பதை உங்களுக்கு நான் எழுதித் தெரியவேண்டியதில்லை.

இதற்காகக் கனேடிய அரைவாசியைக் கோயில்கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மருத்துவத்தைப் பாருங்கள். 1962 இல் சஸ்கற்சுவானில் தொடங்கிய பொதுக் காப்புறுதியை வைத்துத்தான் இவர்கள் அமெரிக்கரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். அதற்கு வழிகோலிய ரொமி டக்ளசை 2004 இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் மாபெரும் கனேடியர் என்று தெரிவும் செய்தார்கள். ஆனால் அந்தக் காப்புறுதி வைத்தியரோடும் ஆஸ்பத்திரியோடும் நின்றுவிட்டது. வீட்டில் விழுங்கும் குளிசையும் பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் அவரவர் பாடு. வாய்க்குள் இருக்கும் பல் உடம்பைச் சேர்ந்ததுதான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கவே 2023 ஆகிவிட்டது. இது சிரிக்கக்கூடிய அரைவாசி. சிரிக்கமுடியாததும் உண்டு. பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 150,000 பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்ததற்கு 2008 இல் பிரதமர் ஸ்ரீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் 94 வேலைகளைச் செய்யச் சொன்னது. பத்து வருடம் கழித்தும் பெரும்பாலானவை முடியவில்லை. கால் மிதிபட்டதற்குச் சொல்லும் 'சொறி'யை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. எல்லாவற்றையும் அரைவாசியில் விடுகிறவர், மற்றவருக்குக் கொடுக்கவேண்டிய கடனையும் அரைவாசியில் விட்டுவிடுவார். இந்த நாட்டைப் பற்றி எனக்குள்ள உண்மையான குறை இதுதான்.

கடைசியாக ஒரு மறுப்பு: 2025 இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் கனடாவை 51 ஆவது மாநிலமாக்கலாம் என்று கதைத்து, இறக்குமதி வரியும் போட்டபோது இவர்கள் பொங்கி எழவில்லையா? எழுந்தார்கள். கடைகளில் சனம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அமெரிக்கச் சாமானைக் கீழே வைத்தது. சில கோப்பிக் கடைகளில் 'அமெரிக்கானோ' ஒரே இரவில் 'கனடியானோ' ஆயிற்று. மார்ச் மாதம் ஒன்ராறியோ அரசின் மதுக்கடைகள் அமெரிக்க விஸ்கி, வைன் எல்லாவற்றையும் தட்டுகளிலிருந்து இறக்கின. இது தீர்ப்பில்லாமல் வேறென்ன என்று கேட்பீர்கள். 1773 இல் போஸ்ரன் நகரத்து அமெரிக்கருக்கு வரிமீது கோபம் வந்தபோது 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் (பதற வேண்டாம், அது சீனத் தேயிலை, எங்களுடையது அல்ல). ஒன்ராறியோக்காரருக்கு வரிமீது கோபம் வந்தபோது ஒரு போத்தலும் உடையவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாகக் களஞ்சியத்தில் கொண்டுபோய் அடுக்கிவைத்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்