அங்கெல்லாம் இப்படி இல்லை

திண்டுக்கல்லில் எந்தக் கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து, பொரியல் வாளிக்காரர் நம்மைத் தாண்டிப் போவதற்குள், பக்கத்து இலையிலிருந்து ஒரு பெருமூச்சும், அந்தப் பெருமூச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியமும் வெளிப்படுமானால், திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அது அவர்தான்.

"அங்கெல்லாம் இப்படி இல்ல சார்."

வாக்கியம் இத்துடன் நின்றுவிடும். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அப்பளத்தை நொறுக்குவார்; உப்பை இலையின் ஓரத்துக்குத் தள்ளுவார்; தூண்டில் போட்டவன் தக்கையையே கவனித்துக்கொண்டிருப்பதுபோல் நம் வாயைக் கடைக்கண்ணால் கவனித்துக்கொண்டிருப்பார். "எங்கே?" என்று நாம் கேட்கவேண்டும் என்பது ஐதிகம். கேட்டுவிட்டோமானால், சாம்பார், வற்றல்குழம்பு, ரசம், பாயசம் ஆகிய நான்கு கட்டங்களையும் கடந்து மோருக்கு வந்த பின்னும் அந்தப் பிரயாணம் முடிவடையாது. கை கழுவும் இடத்தில் தொடர்ந்து, தாம்பூலப் பை வாங்கும் இடத்தில் சற்றே இளைப்பாறி, செருப்புத் தேடும் இடத்தில் மறுபடியும் உயிர் பெற்று எழுந்துவிடும்.

அகரம் சேய்மைச் சுட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு இலக்கணப் புலவர்கள் போய்விட்டார்கள். எவ்வளவு சேய்மை என்பதை நிர்ணயித்தவர் நம்மவர். அவருடைய "அங்கே" என்பது இத்தாலி தேசத்து மிலான் நகரத்தின் நடுவே, பெரிய மாதா கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஆடம்பர ஹோட்டலைக் குறிக்கும். வேறு எதையும் குறிக்காது. மிலான் என்று நாம் சொன்னால் "மிலானோ" என்று திருத்துவார். அவர் அங்கே தங்கியது இரண்டே இரவுகள். 2015-ஆம் வருஷம் நவம்பர் மாதம். அந்த இரண்டு இரவுகளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷகாலம் இந்த ஊரையே விழிக்க வைத்திருக்கிறார் என்றால் அது மிகையாகாது.

போன விதம் சாமானியமானதுதான். அவருடைய சம்பந்திக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை இருக்கிறது. 1951-இல் பிரான்சு தேசத்து லீல் நகரில் தொடங்கி, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடந்துவரும் ஜவுளி இயந்திரக் கண்காட்சி அந்த வருஷம் மிலானுக்கு வந்தது. ஆலைக்காரர்கள் அதற்குப் போவது இந்தப் பக்கத்தில் புதிய விஷயம் அல்ல. சம்பந்தி தனியாகப் போக அஞ்சி இவரையும் அழைத்துக்கொண்டார். கண்காட்சி நடந்த ரோ என்ற இடம் ஊருக்கு வெளியே இருந்தும், அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் சாதாரண அறை ஒன்றும் அகப்படாததால், இயந்திரக் கம்பெனியின் ஏஜெண்ட் வேறு வழியின்றி இரண்டு இரவுகளுக்கு நகர மத்தியில் இந்த ஹோட்டலைப் பிடித்துக் கொடுத்தார். பணம் யார் கொடுத்தார்கள் என்ற பிரஸ்தாபத்தை நம்மவர் ஒருபோதும் எடுப்பதில்லை. கண்காட்சியைப் பற்றியும் அவர் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

"அங்கே" புறப்படும் சந்தர்ப்பங்களுக்கு வரம்பே கிடையாது. சலூனில் துண்டைக் கழுத்தில் போர்த்தியதும் புறப்படும், தொழில் தர்மம் அறிந்த சலூன்காரர், "எங்கண்ணே?" என்று உடனே கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். மின்சார வாரிய அலுவலகத்து வரிசையில் புறப்படும். சீரகச் சம்பா பிரியாணிக்கு இந்த ஊர் பெயர் போனது; 1957-இல் நாகசாமி நாயுடு சிறிய கடை ஒன்று போட்டதிலிருந்து அந்தப் பெயர் கடல் கடந்தும் போய்விட்டது; அப்படிப்பட்ட பிரியாணித் தட்டின்முன் உட்கார்ந்துகொண்டு, மிலான்காரர்கள் குங்குமப்பூ போட்டுக் கிண்டும் மஞ்சள் சோற்றை நினைத்து, "அங்கெல்லாம் இப்படி இல்ல" என்று ஆரம்பிக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஒருதரம் கேத வீட்டுக்கு அவருடன் போயிருந்தேன். பந்தலின் கீழ்ப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கொட்டுச் சத்தம் காதைத் துளைத்தது. இவர் மெதுவாகத் தலையை ஆட்டி, "அங்கெல்லாம் இந்தச் சத்தமே இருக்காது" என்றார். பக்கத்தில் இருந்த இறந்தவருடைய தம்பி பொங்கி அழுதுவிட்டார். "ஆமாண்ணே, அங்கயாச்சும் அவரு நிம்மதியா இருக்கட்டும்" என்றார். நம்மவருக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் அனுபவத்தில் அவர் வாயடைத்துப் போன ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று பரீட்சை செய்து பார்க்கவேண்டும் என்ற துராசை எனக்கு நெடுநாளாக உண்டு. போன மார்கழியில் மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. கிளாஸைக் கையில் வாங்கியதும், "அங்கெல்லாம் இப்படி இல்ல சார்" என்றார். நான் டீயை ஊதினேன். "அங்கெல்லாம் நின்னுக்கிட்டுக் குடிச்சா ஒரு வெல, உக்காந்து குடிச்சா ஒரு வெல." நான் மறுபடியும் ஊதினேன். மூன்றாம் முறை குரலைச் சற்று உயர்த்தி, "அங்கே!" என்று மட்டும் சொன்னார். நான் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை ஆதியோடந்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் அப்படியே போயிற்று. அப்புறம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்கேன்னுதானே கேக்குறீங்க?" என்று அவரே ஆரம்பித்துவிட்டார். அன்று முதல் நான் முதல் தடவையிலேயே கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன், நேரமாவது மிச்சமாகும்.

"எங்கே?" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மாதா கோயிலின் சிகரங்கள், 135 சிகரங்கள், 1386-இல் கட்ட ஆரம்பித்து அறுநூறு வருஷம்போலக் கட்டிக்கொண்டேயிருந்தார்களாம், அதன் கூரைமேல் மனிதர்கள் உலாவலாம், இவரும் சீட்டு வாங்கி ஏறி உலாவியிருக்கிறார். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கட்டத் தொடங்கி, 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து பலப்படுத்திய மலைக்கோட்டை இவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நன்றாகத் தெரியும். அதன் படியில் இவர் இன்றுவரை கால் வைத்தது கிடையாது. முழங்கால் வலியாம்.

அடுத்தது தலையணை. ஒருவருக்கு நான்கு, மெத்தென்று இரண்டு, கெட்டியாக இரண்டு. திண்டைப் போன்ற கல்லின் பெயரால் விளங்கும் ஊரில் பிறந்த ஒருவர் தலையணையை இவ்வளவு சிலாகிப்பது எனக்கு எப்போதுமே ரஸமாக இருக்கும்.

அப்புறம் வைக்கோல். வெர்டி என்ற சங்கீத மேதை 1901 ஜனவரியில் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, குதிரை வண்டிகளின் ஓசை அவரைத் துன்புறுத்தலாகாது என்று ஊர் ஜனங்கள் தெருவில் வைக்கோலைப் பரப்பி வைத்தார்கள். 27-ஆம் தேதி அவர் காலமானார். உண்மையான, உருக்கமான சரித்திரம். ஆனால் நம்மவர் இதை "எங்க ஹோட்டல்ல" என்றுதான் தொடங்குவார். என் பேரன் கைப்பேசியில் தேடிப் பார்த்து, அது 1863-இல் திறந்த வேறு ஹோட்டல், அதன் பெயரே கிராண்ட் ஹோட்டல் எ த மிலான், இவர் தங்கியதற்குச் சில தெருக்கள் தள்ளி இருக்கிறது என்று ருசுப்படுத்தினான். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. வெர்டிக்கு இனிமேல் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அங்கே உபசாரம் எப்படி என்பதற்கு அவர் எடுத்துக்காட்டும் பிரமாணம் ஒன்று உண்டு. குளியலறையில் தொட்டிக்கு மேலே ஒரு கயிறு தொங்கியதாம். குளித்துவிட்டு ஈரத் துண்டை அதில் காயப் போட்டாராம். "ரெண்டு நிமிஷங்கூட ஆகல சார். கோட்டுப் போட்டவன் மூணு பேரு கதவைத் தட்டி, என்ன வேணும், என்ன வேணும்னு கேக்குறான். அதுவல்லவா உபசரிப்பு!" வழுக்கி விழுந்தவர்கள் இழுத்து ஆள் கூப்பிடுவதற்காக அந்த நாட்டுக் குளியலறைகளில் தொங்கும் அபாயக் கயிறு அது என்பதை அவருக்கு யார் சொல்வது? அதே குளியலறையில் முழங்கால் உயரத்தில் பீங்கானால் செய்த தனித் தொட்டி ஒன்றும் இருந்ததாம். "கால் கழுவறதுக்குன்னே தனியா வச்சிருக்கான் சார். ரெண்டு நாளும் காலையில எந்திரிச்சதும் பாதத்தைக் கழுவிட்டுத்தான் சாமி கும்பிட்டேன்." வீட்டுக்கு வீடு இந்தத் தொட்டி இருக்கவேண்டும் என்று இத்தாலிய சர்க்கார் 1975-இல் சட்டமே செய்திருக்கிறது. எந்தக் காரியத்துக்காக அந்தச் சட்டம் என்பதைக் கூறினால், அவர் இரண்டு நாள் செய்த பூஜையின் புனிதம் கெட்டுவிடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கே ஆர்க்கேடு மாதிரி ஒரு பெரிய கடைவீதி. அதன் தரையில் பதித்த ஒரு காளை. அதன் குறிப்பிட்ட அங்கத்தின்மேல் குதிகாலை ஊன்றிச் சுற்றினால் அதிர்ஷ்டம். இதை அவர் பெண்கள் இல்லாத இடத்தில் மட்டும் சொல்லுவார்.

அவரை முற்றிலும் வெறுக்கவும் என்னால் இயலவில்லை. ஒருநாள் இரவு மதுரையிலிருந்து பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து வந்துகொண்டிருந்தோம். கொடைரோடு தாண்டியதும், கேளாமலே, வழக்கத்துக்கு மாறான தாழ்ந்த குரலில் சொன்னார்: "உண்மையைச் சொன்னா, அங்க ரெண்டு ராத்திரியும் நான் தூங்கவே இல்ல சார். ஒரு சத்தம் இல்ல. ஹாரன் இல்ல. பயமா இருந்துச்சு. வீட்டுல கட்டிக் குடுத்த புளிச்சோத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு, வாசனை வெளிய போகக் கூடாதுன்னு, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து சாப்பிட்டேன்." காமராஜர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்து, ராத்திரி முழுவதும் பழனி பஸ்ஸும் நத்தம் பஸ்ஸும் ஊதும் ஹாரனையே தாலாட்டாகக் கேட்டவர். எனக்கு அவர்மேல் உள்ளபடியே இரக்கம் உண்டாயிற்று. அந்த இரக்கம் போன ஆவணி மாதம் வரையில் இருந்தது.

ஆவணியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். கரூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரைத் தங்க வைக்க அறைகள் வேண்டியிருந்தன. நம்மவருக்கு அதே பின்தெருவில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட லாட்ஜ் ஒன்று உண்டு; இவ்வளவு நேரமாக நான் இதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவரே அதைப் பற்றிச் சொல்லுவதில்லை என்பதுதான். அந்த லாட்ஜில் ஐந்து அறைகள் எடுத்தோம். வெந்நீர் வாளி ஒன்றுக்கு முப்பது ரூபாய். அதுவும் காலை ஏழு மணிக்குள் கேட்டால். தலையணை அறைக்கு ஒன்று. அதில் பஞ்சு போன ஜன்மத்தில் இருந்திருக்கலாம். குழாயைத் திருகினால் முதலில் காற்று, பிறகு துரு, அதன் பிறகு மேலே டாங்கியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்ற செய்தி. எல்லாவற்றுக்கும் சிகரமாக, பதினான்காம் எண் அறைக் கதவுக்கு நாதாங்கி கிடையாது. இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. உள்ளே படுக்கிறவர்கள் கட்டிக்கொள்வதற்காகக் கைப்பிடியில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. மாப்பிள்ளையின் பெரியம்மா, அறுபத்தெட்டு வயது, நகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்கென்று புவிசார் குறியீடு வாங்கிய ஊரில்!

காலையில் நான் நேரே போய் அவர்முன் நின்றேன். கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. வந்தது ஒரே வாக்கியம்தான்.

"அங்கெல்லாம் இப்படி இல்லையாமே அண்ணே" என்றேன்.

அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். முகத்தில் எவ்விதக் கபடமும் இல்லை.

"எங்கே?" என்றார்.

இதை எழுதும் இன்றுவரை பதினான்காம் எண் அறையில் கயிறுதான் இருக்கிறது. நாகல் நகரில் நல்ல மாங்காய்ப் பூட்டாக ஒன்று நான் என் சொந்தச் செலவில் வாங்கித் தருகிறேன். நாதாங்கியை மட்டும் அவர் அடித்துக் கொடுத்தால் போதும். தை மாதம் இன்னும் இரண்டு முகூர்த்தம் இருக்கிறது.