ஒரத்தநாட்டுச் சாலையோட்டவியல்: ஒரு முன்னோட்டம்

ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் ஓர் ஓட்டப்பந்தயம் நடத்திவிடலாம். நாலு இளைஞர்கள், ஒரு நோட்டீஸ், ஒரு மைக்செட் போதும். ஆனால் அடுத்த மாதம் பக்கத்து ஊரில் இரண்டாவது பந்தயம், அதற்கடுத்த மாதம் இன்னோர் ஊரில் மூன்றாவது, கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் கூட்டி வட்டாரத்துக்கே ஒரு வீரன் என்று தொடராக நடத்தச் சொல்லிப் பாருங்கள், ஊர் யோசிக்க ஆரம்பித்துவிடும். விடிய விடிய கபடி நடத்துவதற்கு அஞ்சாத ஊர்கள், காலை ஆறு மணி ஓட்டத்தைத் தொடராக்க ஏன் தயங்குகின்றன என்பதே இந்த ஆய்வின் பொருள். ஆய்வெல்லை: தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைச் சாலையும், திருவோணம் வரை அதிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளும். ஆய்வு முறை: டீக்கடையில் உட்கார்ந்திருத்தல்.

இத்துறையில் இரண்டு மரபுகள் உண்டு. கடைத்தெரு மரபினர், தொடர் நடக்காததற்குக் காரணம் பணம் என்பர். மதகுக்கட்டை மரபினர், சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்காருவோர், காரணம் சாலைதான் என்பர். பணம் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை. சாலையைப் பார்ப்போம்.

காவிரிப் படுகையில் சாலை என்பது முதலில் களம். போக்குவரத்து அதன் உபதொழில். தை பிற்பாதியில் சம்பா அறுவடை சூடு பிடிக்கிறது, மாசி முழுக்க ஓடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை கெடுத்த வருடங்களில் கேட்டு, மனுக் கொடுத்து, மறியல் செய்து அதை 19, 20 வரை தளர்த்தி வாங்குவதுண்டு. மற்றபடி அந்தப் பதினேழை எட்ட இருக்கும் வழி தார்ச்சாலைதான். ஆகவே பாதிச் சாலையில் நெல். எல்லை காட்ட வரிசையாகக் கருங்கல், தென்னை மட்டை, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு முனையில் மடித்து வைத்த தார்ப்பாய், அதன்மேல் காவலுக்கு ஒரு பெரியவர்.

இங்கே ஆய்வாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். காயும் நெல்லை அவ்வப்போது பாதத்தால் வரிவரியாகத் துழாவிப் புரட்டிவிட வேண்டும், இல்லையேல் மேல்நெல் காய்ந்து அடிநெல் ஈரமாகவே கிடக்கும். ஐம்பது பேர் வரிசையாக அதன்மேல் ஓடினால் அந்த வேலை காசில்லாமல் முடியும் அல்லவா? பெரியவர் இதை ஏற்கவில்லை. “ஏந்தம்பி, வயலத்தான் மிதிச்சிய, ரோட்டுல கெடக்குறதையுமா? ஷூக்காலோட மிதிச்சா அரிசி நொறுங்கிப் போவும்” என்றார். கையில் கம்பு இருந்ததால் விவாதம் நீளவில்லை. எனினும் அவருடைய மறுப்பு காலணி குறித்தது மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்ற எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வந்திருந்தால் பெரியவர் வழிவிட்டிருக்கக்கூடும்.

மாசி போயிற்று. பங்குனி, சித்திரையில் பரீட்சை, காவடி, பால்குடம். ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். வைகாசியில் சாலையை மறித்துத் திருவிழாப் பந்தல். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு வழமையான நாள். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்தத் தண்ணீர் கிளை வாய்க்காலுக்கு வந்து சேரும் வாரத்தில் ஓடக்கூடிய வயதுள்ள எவனும் ஓட மாட்டான், டிராக்டரில் இருப்பான். புரட்டாசியில் குறுவை நெல் மறுபடி சாலைக்கு வரும். போதாக்குறைக்கு அந்த மாதம் பிரியாணி போட முடியாது. சாம்பார் சாதத்துக்கு ஆள் சேருமா என்பது தனி ஆய்வுக்குரியது. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி ஓடுவதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற மாதம், ஆனால் பனியில் எதிரே வரும் பால்வண்டி தெரியாது. கழித்துப் பார்த்தால் தைப்பொங்கலை ஒட்டிய சில நாட்களும், ஆடிக் கடைசியும், ஆவணியில் முகூர்த்தமில்லாத ஓரிரு ஞாயிறுகளும் மிஞ்சுகின்றன. இந்த இடுக்கில்தான் வட்டாரத்தின் எல்லா ஊர்களும் பந்தயம் வைக்கின்றன.

ஓடுகிறவர்களுக்கு வழியில் தண்ணீர் கொடுப்பதில் மட்டும் ஒரத்தநாடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. நெடுந்தூரப் பந்தயங்களில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீர் வைப்பது உலக நடைமுறை. இங்கேயோ, இராமேசுவரத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் வைத்துச் சோறே போட்டார்கள். அந்த வரிசையில் ஒன்றுதான் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம். தொடக்கக் கோடு, முடிவுக் கோடு, இடையிடையே உபசாரம், ஊர் ஊராகத் தொடர்ச்சி என எல்லாம் அதில் இருந்தது. நேரம் குறிப்பவர் மட்டும் இல்லை. காசிக்கும் சேதுவுக்கும் நடப்பவனை நிறுத்துகடிகாரம் வைத்து அளப்பது பாவம் என்று விட்டிருக்கலாம்.

அடுத்து, தூரம். வெளியுலகில் பந்தயப் பாதையைச் சைக்கிளால் அளக்கிறார்கள். முதலில் எஃகு நாடா பிடித்து அளந்த ஒரு நேர்கோட்டில் சைக்கிளை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணி எத்தனை எண்ணுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் தள்ளி, ஓடுகிறவன் ஓடக்கூடிய மிகக் குறுகிய தடத்திலேயே சைக்கிள் போகும். இவ்வளவும் செய்துவிட்டு, தூரம் குறைந்துவிடக்கூடாதே என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடச் சேர்ப்பார்கள். நம் முறை வேறு. விழாக்குழுத் தலைவரின் மைத்துனர் பைக்கில் போய்விட்டு வந்து, “அய்யனார் கோயில்லேருந்து கொள்முதல் நிலையம் போய்த் திரும்புனா அஞ்சு, மாமா” என்பார். பைக்கில் மீட்டர் ஓடாது என்பது ஊருக்கே தெரியும். அவர் பெட்ரோல் செலவை வைத்துச் சொல்கிறார்.

இந்த அஞ்சும் நிலையானதன்று. உபயதாரர் ஒருவர் முதல் பரிசை ஏற்றுக்கொண்டால், திரும்புமிடம் அவர் வீட்டு வாசலுக்கு நகரும். இதை ‘உபயதாரர் வாசல் விதி’ என்று அழைக்கலாம். நகரத்து ஓட்டக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் புனிதமாக மதிக்கும் 42.195 கிலோமீட்டர் எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்க மாட்டார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அதில் வந்த தூரம் அது. 1921-இல் அதையே உலகத்துக்கெல்லாம் விதியாக்கினார்கள். நம் வாசல் விதிக்கு முடிசூட ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தயத்தின் உயிர்நாடியான நோட்டீஸுக்கு வருவோம். மேலே குலதெய்வம், அதன்கீழே தலைவர்கள், பிறகு கட்டம் கட்டமாக உபயங்கள்: முதல் பரிசு, கோப்பை, குடிநீர், ஒலி ஒளி, பனியன். எல்லாவற்றுக்கும் அடியில், “விழாக்குழுவின் முடிவே இறுதியானது.” நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு இடம் கொடுக்கும் அந்தத் தாளில், தொடங்கும் நேரம் மட்டும் பெரும்பாலும் ‘காலை’ என்றிருக்கும். தலைப்பில் ‘6-ஆம் ஆண்டு’, ‘11-ஆம் ஆண்டு’ என்ற எண் கட்டாயம். இங்கேதான் நம் சிக்கலின் முதல் முடிச்சு கிடக்கிறது. ஊர்களுக்குத் தொடர் பிடிக்காமலில்லை. தன் ஊரிலேயே வருடா வருடம் தொடர்வதுதான் அவற்றுக்குத் தொடர். பக்கத்து ஊரின் பந்தயத்துக்கு அடுத்ததாகத் தன் பந்தயம் எண்ணப்படுவதை எந்த ஊர் ஒப்பும்? ‘தொடரின் 3-ஆம் சுற்று’ என்று நோட்டீஸ் அடித்தால், 2-ஆம் சுற்று நடத்திய ஊருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று பொருள்படும்.

பந்தய நாளையும் ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடலாம். முன்னால் ஒரு குட்டியானை. அதில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், மைக் பிடித்தவர், மைக் பிடிக்க ஆசைப்படுகிறவர். அதற்கு இருபதடி பின்னால் முதலாவதாக வருகிற பையன். வண்டியின் டீசல் புகையும் ஜெனரேட்டரின் மண்ணெண்ணெய்ப் புகையும் அவனுக்கு மட்டுமே உரியவை, இரண்டாமவன் பாதிதான் குடிப்பான். உபயதாரர் வீடு வந்ததும் அவர் பெயரை மூன்று முறை சொல்வதற்காக வண்டி மெதுவாகிறது. பையன் வண்டியை முட்டும் நிலைக்கு வந்து, போ போ என்று கையை ஆட்டுகிறான். மைக்காரர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, “வீரர் தங்களுக்கு வணக்கம் தெரிவிக்கிறார்” என்று அறிவிக்கிறார்.

திரும்புமிடத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் மணிக்கட்டில் ரிப்பன் கட்டுகிறார் அல்லது ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுக்கிறார். இதை அற்பமாக நினைக்கக் கூடாது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பிரெட் லோர்ஸ் என்பவர் நடுவில் காரில் ஏறிப் பல மைல் போய்விட்டு, இறங்கி ஓடிவந்து முதலில் முடித்தார். கொஞ்ச நேரம் அவரே வெற்றியாளர். வழியில் நம் ஊர் ஸ்கெட்ச் பேனா ஒன்று இருந்திருந்தால் அந்தக் கொஞ்ச நேரமும் கிடைத்திருக்காது.

ஓரிடத்தைத் தொட்டுத் திரும்பும் இந்த முறை எங்கிருந்து வந்தது? மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளரின் துணிபு. தஞ்சைத் தெற்கிலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமும் பொதுச்சாலையில் வண்டிகளை ஓட்டி, எல்கையைத் தொட்டுத் திரும்புவது வழக்கம். தூரம் இன்றைக்கும் மைலில்தான், போய்வரக் கணக்கு. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் ஆண்கள், பெண்கள், 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பதற்கு இதுவே முன்மாதிரி. மாட்டின் வயதுக்குப் பல்லைப் பார்ப்பார்கள், மனிதனுக்கு ஆதார் ஜெராக்ஸ். இரண்டில் பல்தான் நம்பகமானது.

ஆனால் எல்கைப் பந்தயம் நமக்குக் கற்றுத்தருவது இதைவிடப் பெரியது. அங்கே தொடர் இருக்கிறது! ஒரே மாடுகள், ஒரே சாரதிகள், ஊர் ஊராகப் போகிறார்கள். எந்த ஜோடி எந்த ஊரில் முதலில் வந்தது, எங்கே நுகத்தடி முறிந்தது என்று ரசிகர்கள் ஒப்பிக்கிறார்கள். புள்ளிப்பட்டியல் எங்கும் ஒட்டப்படுவதில்லை, எல்லார் வாயிலும் இருக்கிறது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை போட்டுத் தொடர் அறுந்தது. 2017-இல் சட்டத் திருத்தம் வந்ததும், எந்தச் சங்கமும் அட்டவணை போடாமலே அது விட்ட இடத்திலிருந்து ஓடியது. 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஆக, தொடரை நடத்துவது விழாக்குழுக்கள் அல்ல. மாட்டுக்காரர்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்தைப் பார்த்தால் மதகுக்கட்டை மரபும் கடைத்தெரு மரபும் ஒருசேரக் கவிழ்கின்றன. முடிவுக் கோட்டில் நிற்கும் முகங்களை ஊர் ஊராகப் பாருங்கள், அதே முகங்கள்தான்; இங்கேயும் தொடரை ஓடுகிறவர்களே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கப் பழகுகிறவன், ராணுவத்துக்கு 1,600 மீட்டர் ஓடிப் பார்க்கிறவன், கல்லூரி விளையாட்டு மாணவிகள் நாலு பேர், நாற்பது வயதில் சர்க்கரைக்காக ஓட ஆரம்பித்து இப்போது கோப்பைக்காக ஓடுகிறவர். பொங்கலுக்கு ஓர் ஊர், சுதந்திர தினத்துக்கு இன்னோர் ஊர். அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் ஓட்டத்துக்குத் தஞ்சாவூர். அங்கே 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. முதல் பரிசு 5,000 ரூபாய், அப்படியே இறங்கி, நான்கு முதல் பத்தாம் இடம் வரை தலா 1,000. பத்தாம் இடத்துக்கும் பரிசு என்ற ஒரு வரியில்தான் தொடரின் பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. வெல்ல முடியாது என்று தெரிந்தவனும் அதற்காகத்தான் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறான். அடுத்த மாவட்டம் புதுக்கோட்டை, ஜி. லட்சுமணனின் ஊர். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர் அவர். அந்தப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பைக்கில் வந்து இறங்குகிறார்கள் என்றால் முதல் மூன்று இடத்தை மறந்துவிட்டு நாலாமிடத்துக்கு வியூகம் வகுக்க வேண்டும் என்பதும் இவர்களுக்குத் தெரியும்.

பரிசே இல்லாமல் ஓடும் மரபும் ஒன்றுண்டு. ஆரோவில்லில் 2008 முதல் நடக்கும் மாரத்தானில் வென்றவர் என்று யாரும் கிடையாது, ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுவதுதான். இதை மதகுக்கட்டையில் சொன்னபோது நீண்ட மௌனத்துக்குப் பின் ஒருவர், “அப்ப மைக்ல என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

ஆகவே விழாக்குழுக்களுக்கு இந்த ஆய்வின் பரிந்துரை மிகச் சிறியது. புள்ளிப்பட்டியல் வேண்டாம், வட்டாரச் சங்கம் வேண்டாம், அதற்குத் தலைவர் தேர்தலும் அதைத் தொடர்ந்த வழக்கும் வேண்டாம். பரிசைப் பத்தாம் இடம் வரை நீட்டுங்கள், குட்டியானையை நூறடி முன்னால் விடுங்கள். பக்கத்து ஊர்க் குழுவுக்கு ஒரு போன் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பந்தயமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவதற்கும் மனமிருக்கிறது, ஆனால் போன் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வருகிறது: “நோட்டீஸ் அடிச்சாச்சே, அண்ணே.”