என் கம்ப்யூட்டர்ல ஓடுதுங்க

2010 வாக்கில் தருமபுரியில் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைத்தவர்களிடம் எந்தப் புகாருக்கும் ஒரே பதில்தான் இருந்தது. 'சைட் தெறக்கவே மாட்டேங்குதுங்க' என்று கடைக்காரர் போன் செய்வார். நாங்கள் எங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே, 'என் கம்ப்யூட்டர்ல ஓடுதுங்களே' என்போம். சத்தியமான வார்த்தை. ஓடத்தான் செய்தது. உலகத்திலேயே அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது.

அந்தக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் எக்ஸ்பி. பக்கவாட்டுத் தகடு எப்போதும் கழற்றியே கிடக்கும். ராமைப் பிடுங்கி, அழிரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டும் வேலை அடிக்கடி வரும் என்பதால் மூடுவதில் அர்த்தமில்லை. மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டிருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டும். கரண்ட் போய் வருவதைப் பற்றி, 2012-ல் சென்னைக்கு வெளியே வாழ்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரு நாளைக்குப் பல தடவை புத்தாண்டு கொண்டாடினோம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஏதாவது ஒரு டேபிள் நொறுங்கிக் கிடக்கும். அந்தக் காலத்து மைஐசாம் டேபிள்களுக்கு, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தாங்காது.

அதன்மேல் எக்ஸாம்ப். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி 2002-ல் ஜெர்மனிக்காரர்கள் இலவசமாக விட்டது. நிறுவியதும் அப்பாச்சிக்கு நேரே பச்சை விளக்கு வர வேண்டும். வராது. 80-ம் எண் போர்ட்டில் ஸ்கைப் உட்கார்ந்திருக்கும். நமக்கு வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஸ்கைப்பைத் தூக்கிவிடுவோம். மனம் வராதவர்கள் அப்பாச்சியை 8080-க்குக் குடிமாற்றுவார்கள். பிறகு வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் வெளிவந்த மென்பொருள். ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிடலாம் என்பது அதன் புகழ்பெற்ற பெருமை. பொய் சொல்லவில்லை. ஐந்து நிமிடம்தான். அதற்கு முன்னால் போன அரை நாளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

2004-ல் வந்த 1.2 பதிப்பிலேயே பிளகின் வசதி வந்துவிட்டது. பிளகின் எழுதுவது வெட்கப்படும் அளவுக்கு எளிது. பிளகின்களுக்கான போல்டரில் ஒரு பிஎச்பி கோப்பு. அதன் தலையில், கமென்ட்டுக்குள், 'பிளகின் நேம்' என்று ஒரு வரி. கமென்ட் என்றால் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போக வேண்டியது. வேர்ட்பிரஸ் மட்டும் அதை எட்டிப் பார்த்துப் படித்து, 'ஓ, நீயும் ஒரு பிளகினா, வா' என்று பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

எங்கள் பிளகின் பட்டுக்கூடு விலை சொல்வது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குச் சந்திரிகையும் வலையும் விற்கும் ஒரு கடைக்காரர் கேட்டது. தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. அங்கே ஏலத்தில் கிலோ என்ன போயிற்று என்று தெரிய வேண்டும். பக்கத்திலேயே கர்நாடகத்து ராமநகரம் இருக்கிறது, நாட்டிலேயே பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை. அங்கே என்ன போயிற்று என்றும் தெரிய வேண்டும். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருக்கிற விவசாயிக்கு இது பொழுதுபோக்குச் செய்தி இல்லை. கூட்டை அதிக நாள் வைத்திருக்க முடியாது. உள்ளேயிருக்கிற புழு அந்துப்பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துபோகும், சரக்கு தீர்ந்தது. மூட்டையை எந்தப் பக்கம் ஏற்றுவது என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். இத்தனை பெரிய விஷயத்துக்கு நூறு வரிகூட இல்லாத பிளகின் போதுமானதாக இருந்தது.

எங்கள் கம்ப்யூட்டரில்.

சர்வரில் ஏற்றினால்தான் வேடிக்கை ஆரம்பம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. சர்வரில் இருக்கும் லினக்ஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிதாக இருந்து, அதைக் கூப்பிடும் வரியில் சின்னதாக இருந்தால், எங்களிடம் விலை வரும், சர்வரில் வெற்றுப் பக்கம் வரும். 2012-ல் பிஎச்பி 5.4 வந்து, சதுர அடைப்புக்குறியிலேயே பட்டியல் எழுதலாம் என்றது. ஆசை ஆசையாக எழுதினோம். ஹோஸ்டிங் கம்பெனி இன்னும் 5.2-ல் வாழ்ந்துகொண்டிருந்தது. எந்த வரியில் என்ன என்றுகூடச் சொல்லாமல் முழு சைட்டும் வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர்கூட அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

தமிழ் எழுத்துகளின் கதி தனி. டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துமுறையில் இருந்துவிட்டால், 'வெண்பட்டு' என்று உள்ளே போனது, தலையில் சாய்கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', இவற்றின் ஊர்வலமாக வெளியே வரும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். முதல் இரண்டு பைட்டையும் லத்தீனாகப் படித்தால் பெரும்பாலும் இந்த ஜோடிதான் கிடைக்கும். வட்டத்துக்குள் 'ஆர்' என்பது பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னத்தின் குறி. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எவனோ டிரேட்மார்க் வாங்கிவிட்ட மாதிரி பக்கம் முழுக்க நிற்கும்.

இதையெல்லாம் எங்கே சரிசெய்தோம் என்றால், லைவ் சைட்டில்தான். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்திலேயே கோப்பைத் திருத்தும் வசதி உண்டு. ஒரு அரைப்புள்ளியைச் சேர்த்து சேவ் செய்வது, போய்ப் பார்ப்பது. வெள்ளையானால் ஃபைல்ஸில்லாவில் நுழைந்து போல்டரின் பெயரை மாற்றிவிட்டால் பிளகின் அணைந்து சைட் உயிர்பெறும். 2019-ல் 5.2 பதிப்பு வந்த பிறகுதான், பிளகின் செத்தால் நிர்வாகிக்கு மெயில் போட்டு, அதை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே நுழைய வழி தரும் வழக்கம் வந்தது. அதற்கு முன்னால் தகவல் சொல்லும் பொறுப்பு பொதுமக்களிடம் இருந்தது. அவர்கள் தவறியதே இல்லை. மாவட்டம் முழுவதும் சம்பளம் வாங்காத சோதனையாளர்கள்.

இப்போது அக்கா மகன் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குப் பாப்பாரப்பட்டி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பழைய கடைக்காரர் இன்னும் அந்த பிளகினை விடவில்லை. கொஞ்சம் திருத்த வேண்டும் என்று கேட்க, நான் இவனிடம் போய் நின்றேன்.

'லைவ்லயெல்லாம் கை வெக்கக் கூடாது மாமா. மொதல்ல லோக்கல்ல ஒரு சாண்ட்பாக்ஸ் போட்டுக்கணும்.'

'எவ்ளோ நேரம்டா ஆகும்?'

'ஒரே கமாண்ட். அஞ்சு நிமிஷம்.'

ஐந்து நிமிடம் என்று கேட்டதும் பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவன் சொன்ன சாண்ட்பாக்ஸ் டாக்கரில் ஓடுவது. டாக்கரையே 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில்தான் உலகத்துக்குக் காட்டினாராம். இந்தத் தொழிலில் எல்லாமே ஐந்து நிமிடம்தான்.

என் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம் என்றான். டாக்கர் ஓட வேண்டுமானால் முதலில் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனைத் திறந்துவிட வேண்டும். பிறகு விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸைக் குடிவைக்க வேண்டும். பிறகு வேர்ட்பிரஸ் இமேஜ் ஒன்று, டேட்டாபேஸுக்கு மரியாடிபி இமேஜ் ஒன்று இறங்க வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி தரும் என் போன் டேட்டா பாதியில் மூச்சை விட்டது. அவன் போனிலிருந்து மிச்சம் இறங்கியது. இறங்கி முடிந்ததும் எட்டு ஜிபி ராமில் பெரும்பங்கை டாக்கர் பெட்டி எடுத்துக்கொண்டது. கர்சரை நகர்த்தினால் அது யோசித்துவிட்டு நகர்ந்தது. உள்ளே போகப் போவது நூறு வரி.

டாக்கரின் இந்தப் பெட்டிக்குக் கன்டெய்னர் என்று பெயர். அது என்ன என்று அவன் அம்மாவுக்கு அவனே விளக்கினான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டுப்புழு ஷெட்டைக் காட்டினான். 'அங்க எப்படி காலக் கழுவாம உள்ள வரக்கூடாதுன்னு சொல்ற, பிளீச்சிங் போடற, சூடு ஈரம் எல்லாம் பாத்துப் பாத்து வெக்கற? அது மாதிரிதாம்மா. புழுவுக்கு என்ன வேணுமோ அது மட்டும் உள்ள. வெளிய இருக்கறது எதுவும் ஒட்டாது.'

அக்கா யோசித்தாள். 'சரிடா. அதுல கூடு வருமா?'

கன்டெய்னர் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. ஒரு நிரலுக்கு, நீ இருக்கிற போல்டர்தான் மொத்த உலகமே என்று நம்பவைக்கும் தந்திரம் 1979-லேயே யூனிக்ஸில் வந்தது. பிறகு லினக்ஸ் கெர்னலில் கண்ணை மறைக்க ஒரு ஏற்பாடும், ராமையும் பிராசஸரையும் அளந்து கொடுக்க ஒரு ஏற்பாடும் சேர்ந்தன. டாக்கர் இவற்றுக்குக் கைப்பிடி போட்டு எல்லாரும் தூக்கும்படி செய்தது. அப்படி நம்பவைக்கப்பட்ட நிரல் எவ்வளவு தீவிரமாக நம்புகிறது என்பதை அன்று மத்தியானம் கண்டேன். டேட்டாபேஸ் எங்கே என்று கேட்டதற்குப் பழைய வழக்கப்படி 'லோக்கல்ஹோஸ்ட்' என்று நான் எழுதினேன். 'தப்பு மாமா' என்றான். வேர்ட்பிரஸ் பெட்டிக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டியேதான். டேட்டாபேஸ் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. அதை 'டிபி' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒரே மேஜைமேல் இருக்கிற ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இதையெல்லாம் எழுதிவைக்கும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு ஸ்பேஸ்தான் போட வேண்டும், டேப் அடித்தால் கோபித்துக்கொள்ளும். வெள்ளைப் பக்கத்துக்குப் பதில் இப்போது எந்த வரியில் கோபம் என்று சொல்கிறது. முன்னேற்றம்தான்.

குறை மட்டும் சொல்வது அநியாயம். பிஎச்பி பதிப்பை மாற்ற ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். 5.6 என்று போட்டான், எங்கள் கிழட்டு பிளகின் ஓடியது. 7 என்று போட்டான், மைஎஸ்கியூஎல்லைக் கூப்பிடும் பழைய ஃபங்ஷன்கள் அந்தப் பதிப்போடு ஒழிந்ததால் அங்கேயே விழுந்தது. அதைத் திருத்தினோம். 8 என்று போட்டான், வேறோர் இடத்தில் விழுந்தது. மூன்று காலத்து சர்வர்களை ஒரு மத்தியானத்தில் எழுப்பி எழுப்பி அழித்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு விழுதலுக்கும் கடைக்காரரின் போன் வந்திருக்கும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்துச் சிக்கலும் பெட்டிக்குள்ளேயே பிடிபட்டது. இதற்காகவே எட்டு ஜிபியைத் தின்னட்டும் என்று விட்டுவிடலாம்.

ஆனால் வேர்ட்பிரஸ்காரர்களே தரும் தயார்நிலைப் பெட்டியை அவன் திறந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. 8888-ம் போர்ட்டில் எழும். யூசர் 'அட்மின்', பாஸ்வேர்டு 'பாஸ்வேர்டு'. எக்ஸாம்பில் பாஸ்வேர்டே கிடையாது. பாதுகாப்பு எவ்வளவோ வளர்ந்துவிட்டது.

அவனுடைய சொந்த லேப்டாப் உபுண்டு. அதில் கன்டெய்னருக்குள்ளிருந்து வேர்ட்பிரஸ் எழுதிய ஒரு கோப்பை வெளியிலிருந்து அழிக்கப் பார்த்தான். அனுமதி இல்லை என்றது. உரிமையாளர் யார் என்று பார்த்தால் 33-ம் எண் பயனர். பெட்டிக்குள் அப்பாச்சிக்கு வைத்திருக்கும் எண். சொந்த வீட்டில், சொந்த மெஷினில், சொந்த போல்டரில் இருப்பதை அழிக்க ரூட் அவதாரம் எடுக்க வேண்டியிருந்தது.

தேதியும் சரியில்லை. விடியற்காலையில் பார்த்தால் நேற்றைய தேதியைக் காட்டும், ஐந்தரை மணிக்குச் சரியாகிவிடும். பெட்டிக்குள் மணி கிரீன்விச் நேரத்தைப் பார்த்து ஓடுகிறது. நமக்கு விடிந்து ஐந்தரை ஆனால்தான் அதற்கு நள்ளிரவு. பேட்டரி செத்த மெஷின் எங்களை 2002-க்குக் கொண்டுபோனது. இது நேற்றோடு விட்டது.

நாங்கள் இந்த ஐந்தரை மணி நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா போனை நீட்டினாள். வாட்ஸப் குழுவில் யாரோ அங்காடியின் விலைப் பலகையைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கிலோ எவ்வளவு, எத்தனை லாட், எல்லாம் இருந்தது. தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையவில்லை.

'இதெல்லாம் வேணாம் மாமா, பிளேகிரவுண்டுன்னு ஒண்ணு வந்திருக்கு' என்றான் அவன் பேச்சை மாற்றி. சர்வர் கிடையாது, டாக்கர் கிடையாது. பிரவுசருக்குள்ளேயே பிஎச்பி ஓடுகிறது, மைஎஸ்கியூஎல்லுக்குப் பதில் எஸ்கியூலைட். என் போனிலேயே திறந்து காட்டினான். வேர்ட்பிரஸ் வந்து நின்றது. ரிஃப்ரெஷ் செய்தேன். போட்டதெல்லாம் போய்ப் புதிதாக வந்து நின்றது. 'சேவ் பண்ணாட்டி அப்படித்தான் மாமா. அதான் அழகே.'

இருந்தாலும் அவனுக்கு டாக்கர்தான் பிடித்திருக்கிறது. வரப்போகும் யாரும் எங்களைப் போல அல்லாடக் கூடாது என்று, பயாஸ் சோதனையிலிருந்து நேர மண்டலம் வரை எல்லாவற்றையும் தானாகச் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறான். பிளகினைவிடப் பல மடங்கு நீளம். பிளகின் எப்போது ஏறும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். கேட்டுச் சொல்லலாம் என்று போன் செய்தேன்.

'பிளகின் எப்பவோ ரெடி மாமா. இந்த ஸ்கிரிப்ட்டத்தான் நம்ம மெஷின்ல நேரா ஓட்டிப் பாக்க பயமா இருக்கு. அதுக்கு ஒரு சாண்ட்பாக்ஸ் போட்டுட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம்.'