மூன்று வண்டிக்காரர்

சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயின் ஏற்றம் ஆரம்பமாகும் இடத்தருகே, சாலையோரச் சரிவில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பழைய டாட்டா 407 ஒன்று நிற்குமானால், அதன் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் கணக்கு நோட்டும் கையில் கால்குலேட்டருமாக ஒருவர் வீற்றிருப்பதையும் நீங்கள் அவசியம் காண்பீர்கள். பழுதான வண்டிகளை இழுத்துச் செல்வது அவருடைய ஜீவனோபாயம். பழுதான வண்டிகளை விலை கொடுத்து வாங்குவது அவருடைய ஆத்மானந்தம். ரிக்கவரித் தொழில் நடக்கிற ஊர்களிலெல்லாம் இப்படி ஒருவராவது இருப்பாராதலால், பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் கௌரவிப்பது நியாயமாகாது. முதலாளி என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தர்மபுரிப் பக்கத்திலிருந்து பாரத்தோடு இறங்கி வரும் லாரிகள் பிரேக் சூடேறித் தடுமாறுவதும், சேலத்துப் பக்கத்திலிருந்து ஏறுகிற கார்கள் கிளட்ச் கருகி நின்றுபோவதும் அந்தக் கணவாயில் சர்வ சாதாரணமான சம்பவங்கள் என்பது ஊரறிந்த முதற்காரணம். அவருடைய 407-இன் பேட்டரி உயிர் நீத்து நெடுநாளாயிற்றென்பதும், சரிவில் நிறுத்தி வைத்தால் பிரேக்கைத் தளர்த்தி உருளவிட்டே இஞ்சினைக் கிளப்பிவிடலாம் என்பதும், அவருடைய டிரைவர் மட்டும் அறிந்த இரண்டாவது காரணம்.

முதலாளி லோபி அல்லர். டிரைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் மொய் எழுதிவிட்டு, அதைப் பற்றி எந்தக் காலத்திலும் பேசாத மனிதர். ஆனால் வண்டி வாங்குவதென்று வந்துவிட்டாலோ, மலிவு என்பது அவருக்கு ஓர் உபாசனையாகிவிடும். தவணை கட்டாமல் பைனான்ஸ்காரர்கள் பிடித்து வைத்த சீசிங் வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றனவென்று கேள்விப்பட்டால், நாமக்கல்லானாலும் சங்ககிரியானாலும் விடியற்காலையிலேயே போய் நின்றுவிடுவார். அங்கே அவர் நடத்தும் பரீட்சையும் தனி மாதிரியானது. டயரை ஒரு முறை உதைப்பார். ஆயில் கேஜை உருவி மோந்து பார்ப்பார். கேபினுக்குள் தொங்கும் எலுமிச்சம்பழம் காய்ந்திருக்கிறதா, பசுமையாக இருக்கிறதா என்பதைக் கொண்டு வண்டி எத்தனை நாளாக ஓடவில்லை என்று கணிப்பார் (இந்தக் கணிப்பு மட்டும் தவறியதேயில்லை என்று டிரைவரே ஒப்புக்கொள்கிறார்). “இஞ்சின்ல இன்னும் கையே வெக்கலைங்க மொதலாளி” என்று புரோக்கர் சத்தியம் செய்யும்போது, அந்த வாசகத்துக்கு யாரும் ரிப்பேர் செய்யவில்லை என்றும் பொருளுண்டு என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

டிரைவரோ முப்பது வருஷமாக ஸ்டீரிங் பிடித்த பெரியவர். வண்டியை இழுக்கும் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கம்பிக்கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வின்ச் டிரம்மில் கயிறு அடுக்கின்மேல் அடுக்காகச் சுற்றச் சுற்ற அதன் இழுக்கும் சக்தி குறையுமாதலால், தகட்டில் பொறித்துள்ள எடையை நம்பிவிடாமல் எந்த அடுக்குக்கு அந்த எடை என்று விசாரிக்க வேண்டும். முன்சக்கரத்தால் ஓடுகிற கார்களை முன்பக்கம் தூக்கி இழுத்துவிடலாமென்றாலும், நான்கு சக்கரத்திலும் சக்தி பாய்கிற கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் நாசமாகுமாகையால், அவற்றுக்குப் பிளாட்பெட் அவசியம். இவற்றையெல்லாம் அவர் ஏல மைதானத்தில் பணிவோடு எடுத்துரைப்பதுண்டு. 407 வாங்கிய அன்றும் உரைத்தார்.

“மொதலாளி, இதுக்குச் சேசிஸ் கட்டை, பூம் நீளம். பின்னாடி காரைத் தூக்குனா முன்வீலு தரையில நிக்காதுங்க.”

“நிக்காட்டி என்னங்கண்ணே? டயர் தேயாதில்ல?”

இப்படிப்பட்ட வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டு உயருமென்பது உலக நியதி. பின் அச்சுக்கு வெகு தூரத்துக்கப்பால் ஒரு காரைத் தொங்கவிட்டால் முன்சக்கரங்களின் பாரம் குறைந்து, ஸ்டீரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி தன்னிச்சையாகவே போகும். இந்தக் குறையை நிவர்த்தி செய்ய முன் பம்பரில் இரண்டு மணல் மூட்டைகள் கட்டப்பட்டன. மூட்டை கிழிந்துவிடும் தினங்களில் அந்த ஸ்தானத்தைக் கிளீனர் பையன் வகித்து வந்தான்.

ஆக, 407 தூக்கும்; இழுக்காது. இந்த ஊனத்தை ஈடுகட்ட முதலாளி இரண்டாவதாக ஓர் ஐஷர் பிளாட்பெட் வாங்கினார். அதன் இஞ்சின் தங்கமானது. ஆனால் மேடையைச் சாய்த்து இறக்கும் ஹைட்ராலிக் பம்ப் செத்துப்போயிருந்தபடியால், அந்த மேடை எக்காலமும் சாயாமல் மட்டமாகவே கிடந்தது. அது சுமக்கும், ஏற்றிக்கொள்ளாது. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கப்பால் வருஷந்தோறும் எஃப்.சி. எடுக்க வேண்டுமென்ற விதிப்படி பார்த்தால், இவ்விரண்டுமே போக்குவரத்து அதிகாரியின் முகத்தைப் பார்த்து வெகு காலமாயிருந்தன. எனவே மூன்றாவதாக ஒரு வண்டி வந்தது. அதனால் தூக்கவும் முடியாது, சுமக்கவும் முடியாது. ஏற்றத்தில் தன்னைத்தானே இழுத்துக்கொள்வதற்கே மூச்சு வாங்கும். ஆனால் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், வரி ஆகிய சகல காகிதங்களும் அதற்கு நாள் தவறாமல் இருந்தன. “பேப்பர் கிளியருங்க” என்று அதை வலம் வந்து காட்டும்போது முதலாளியின் குரல் தழுதழுக்கும்.

சென்ற மாதம் தர்மபுரிக்குப் போகும் வழியில் அதே ஏற்றத்தில் என் கார் கிளட்ச் கருகி நின்றுபோன சந்தர்ப்பத்தில்தான் இந்த மும்மூர்த்திகளின் தரிசனம் எனக்குக் கிட்டியது. ஒரே ஒரு சிறிய காரை எடுத்துப்போக மூன்று வண்டிகள் வரிசையாக வந்து நிற்பதைக் கண்டு, எனக்குத் தெரியாமல் பெரிய விபத்து ஏதோ நடந்துவிட்டதென்றே நான் பயந்துபோனேன். 407 என் காரைத் தூக்கியது. ஐஷர் பின்னோக்கி நகர்ந்து வந்து அதன் கீழே நின்றது. 407 மெல்ல இறக்கி மேடையில் அமர்த்தியது. பிறகு காகித வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு முன்னே செல்ல, ஐஷர் என் காரைச் சுமந்துகொண்டு நடுவே போக, இறக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் தூக்குவதற்காக 407 பின்தொடர, சுவாமி புறப்பாடு போல நாங்கள் சேலத்தை நோக்கிப் பிரயாணமானோம். வழியில் சோதனை ஏதாவது நடந்தால் முதலில் நிற்பது காகித வண்டிதான். மற்றவை “ஒரே கம்பெனிங்க” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடும் என்பது முதலாளியின் யுத்த தந்திரம்.

ஐஷர் கேபினில் பெரியவருக்கும் எனக்கும் நடுவே அமர்ந்திருந்த முதலாளியிடம், மூன்று டிரைவர், இரண்டு கிளீனர், மூன்று டேங்க் டீசல், அத்தனையும் ஒரு வண்டியின் வாடகைக்காகவா என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். அதில் வாங்கிய விலைக்கு மட்டுமே பத்தி இருந்தது. “மூணையும் கூட்டினாலும் புது வண்டி வெலையில பாதிதானுங்க சார்” என்றார். ரிப்பேர்ச் செலவை எங்கே எழுதுவீர்கள் என்றதற்கு, அது மெக்கானிக்குகள் தமக்கிழைத்த துரோகமென்றும், துரோகத்தைக் கணக்கில் எழுதும் வழக்கம் தம்மிடம் இல்லையென்றும் சொன்னார். வேலையில்லாமல் வண்டிகள் நின்ற நாட்களைப் பற்றிக் கேட்டேன். “நிக்கற வண்டிக்கு என்னங்க செலவு?” என்றார்.

அவரைச் சற்று மௌனமாக்கலாமென்று, இந்தத் தொழிலின் ஆதி சரித்திரத்தை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சாட்டநூகா நகரில் பட்டறை வைத்திருந்த எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர், ஓடைக்குள் கவிழ்ந்த ஒரு காரை ஆட்களையும் கயிறுகளையும் வைத்துக்கொண்டு வெளியே எடுப்பதற்குள் படாத பாடு பட்டாராம். அதன் பிறகு 1916-இல், 1913-ஆம் வருஷத்துக் கேடிலாக் கார் ஒன்றின் மீது மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பூட்டி, இழுவை வண்டியை உருவாக்கினார். இன்று அந்த ஊரில் இழுவை வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. இவ்வளவையும் முதலாளி வெகு சிரத்தையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் பக்தி படர்ந்தது.

“அப்ப அவரும் பழைய வண்டியிலதான் ஆரம்பிச்சிருக்கார்! அந்தக் கேடிலாக்கை என்ன வெலைக்கு எடுத்தாராம்?”

நான் விழித்தேன். பெரியவர் சாலையைப் பார்த்தபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சேலத்தில் பட்டறை வாசலில் மறுபடியும் ஒரு முறை தூக்கல், நகர்த்தல், இறக்கல் எல்லாம் யதாக்கிரமமாக நடந்தேறின. பில் போடும்போது முதலாளி ஒரே வண்டிக்கான வாடகையைத்தான் கேட்டார். மூன்றுக்கும் சேர்த்துக் கேட்பது அநியாயம் என்ற தர்ம சிந்தனை அவருக்கு இருந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த காரியம் பிற்பகல் இரண்டுக்கு முடிந்ததில், அந்த வாடகை டீசலுக்காவது கட்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இதற்கிடையில் பட்டறையின் சமதரையில் நிறுத்திவிட்ட 407 மறுபடி கிளம்ப மறுத்துவிடவே, கிளீனர்கள் இருவரும் மெக்கானிக் பையன்களும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அந்தக் காட்சியைப் பொருட்படுத்தவில்லை. கிளட்சைப் பார்ப்பதற்காக மெக்கானிக் திறந்து வைத்திருந்த என் கார் பானட்டுக்குள் தலையை நீட்டி, ஏல மைதானத்து முகபாவத்தோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிகுந்த அன்போடு என்னைக் கேட்டார்.

“சார், பேட்டரி எப்ப மாத்துனீங்க?”

“போன மாசந்தான்” என்று யோசியாமல் சொல்லிவிட்டேன். அவர் கை சட்டைப்பையிலிருந்த கால்குலேட்டரை நோக்கிப் போயிற்று.

407-இன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“சார், மொதல்ல பானட்டை மூடுங்க.”