நிறுத்தி வைத்த கார் நின்று கொல்லும்

கேள்வி: மகன் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்கா போகிறோம். புது இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் போர்ட்டிகோவில் சும்மா நிற்கும். பெரிய பேட்டரி செத்துவிட்டால் லட்சக்கணக்கில் பழுத்துவிடும் என்று மாப்பிள்ளை பயமுறுத்துகிறார். நிஜமா சார்? (தாம்பரம்)

பதில்: மாப்பிள்ளை சொன்னதில் பாதி நிஜம். மாப்பிள்ளைகளின் வழக்கத்தைவிட அதிகம்தான். பெரிய பேட்டரிக்கு விலை ஜாஸ்தி. ஆனால் முதலில் படுப்பது அது இல்லை. உங்கள் காருக்குள் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் வேலை அதற்குக் கிடையாது, அதைப் பெரிய பேட்டரியும் மோட்டாரும் பார்த்துக்கொள்ளும். காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவை இயக்குவதும்தான் சின்னதின் பொறுப்பு. அது இறங்கிவிட்டால், கஜானா நிரம்பி வழிய, சாவி வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை தூங்கிவிட்ட கதைதான். அலாரம், கதவுப் பூட்டு, சாவியைத் தேடும் ரிசீவர் என்று கார் நிற்கும்போதும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். சில வாரங்களிலேயே சின்னது காலியாகலாம்.

எனவே கிளம்பும் அன்று 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். ஆனால் பெரிய பேட்டரியும் சும்மா இருக்கையிலேயே மெல்ல இறங்கும். உங்களுடையது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. லித்தியத்தைவிட வேகமாக இறங்கும், வெயில் ஏறினால் இன்னும் வேகம். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது அரை மணி நேரமோ 16 கிலோமீட்டரோ ஓட்டச் சொல்கிறது டொயோட்டா கையேடு. பெரியது அடியோடு இறங்கினால் எஞ்சினைச் சுழற்றவும் தெம்பு இருக்காது. அப்புறம் சர்வீஸ் சென்டரின் தனிச் சார்ஜர்தான் கதி. மாப்பிள்ளை பயப்படும் இடம் அது. ஆகவே வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மாப்பிள்ளை உள்ளூரில்தானே இருக்கிறார்?

கேள்வி: ஊரில் இல்லாதபோது மச்சான் தினமும் காலையில் வந்து ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டுப் போகிறார். போதுமா? (மதுரை)

பதில்: காபிக்குத்தான் வருகிறார் என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடத்தில் 12 வோல்ட்டுக்குப் பெரிதாகச் சார்ஜ் ஏறிவிடாது. எஞ்சின் ஓடினாலும் சூடு ஏறுவதற்குள் அணைத்தால் உள்ளே கோத்த ஈரம் ஆயிலோடு தங்கிவிடும். 2020 ஊரடங்கில் பிரிட்டன் டொயோட்டா தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது: வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ரெடி நிலையில். மச்சானுக்கு ஆறு நாள் லீவு.

ரெடி என்பதுதான் முக்கியம். பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் ரெடி என்று எரியும். பிரேக் மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டால், சார்ஜ் ஏறாது. 12 வோல்ட் இறங்கும், இளையராஜா பாதியில் நிற்பார். ரெடியில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லையே என்று பதற வேண்டாம். பெரிய பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர் வழியாகச் சின்னது நிறைந்துகொண்டிருக்கும். பெரியது இறங்கினால் எஞ்சின் தானே எழும். கியர் பார்க்கிங்கில் இருக்கட்டும். நியூட்ரலில் விட்டால் பெரியதுக்குச் சார்ஜே ஏறாது. ஏசி, விளக்கு இரண்டும் வேண்டாம்.

கேள்வி: எஞ்சின் தானாக எழும் என்றால், ஷட்டரை இறக்கிவிட்டு கராஜுக்குள்ளேயே ரெடியில் விடலாமா? திருட்டுப் பயமும் இல்லை. (ஈரோடு)

பதில்: கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கார் அமைதியாக இருக்கிறதே என்று நம்பி மூடிய இடத்தில் விட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. வெளியே நிறுத்துங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, மூண்டு மாசம் கொழும்பிலை நிக்க வேண்டிக்கிடக்கு. எங்கட டொயோட்டா அக்வாவின்ரை திறப்பைக் கார் நிக்கிற சுவரிலையே ஆணியடிச்சுக் கொழுவிவிட்டுப் போறனான். பற்றறிக்கு ஏதும் வில்லங்கம் வருமோ? (யாழ்ப்பாணம்)

பதில்: வரும். கள்ளனுக்கு வசதி என்பது தனி வில்லங்கம். ஸ்மார்ட் திறப்பு பக்கத்திலேயே தொங்கினால் காரும் அதுவும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். காரின் பற்றறியும் இறங்கும், திறப்புக்குள் இருக்கும் பொட்டுப் பற்றறியும் இறங்கும். உள்ளறை அலுமாரிக்குள் வையுங்கள்.

கேள்வி: பழைய பிரியஸ். குளிர்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கார் உயிரில்லாமல் கிடந்தது. 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள். டிக்கியைத் திறக்கவோ கரண்ட் வேண்டும்! (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: இதை வடிவமைத்தவர் டிக்கிக்கு வெளியே ஒருமுறையாவது நின்று பார்த்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் வேறொருவர் யோசித்திருக்கிறார் என்பது ஆறுதல். ஸ்மார்ட் சாவிக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே உள்ள நெம்புகோலை இழுத்து பானட்டைத் தூக்குங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட முனை தெரியும். உதவிப் பேட்டரியின் பாசிட்டிவ் அங்கே, நெகட்டிவ் வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். எழுப்பி விட்டால் போதும் என்பதால் கொஞ்சம் கரண்டே போதும். ஆனால் கேபிளை மாற்றி மாட்டினால் இன்வெர்ட்டர் புகையலாம். அதன் பில்லைப் பார்த்தால் நீங்களும் புகைவீர்கள்.

அடுத்த முறை 12 வோல்ட்டைக் கழற்றிவிட்டுப் போவதானால், டிக்கியை மூடியதும் இதே கூத்து என்பதை நினைவில் வையுங்கள். சுவரில் பிளக் இருந்தால் ஏஜிஎம் பேட்டரிக்கு ஏற்ற சிறு சார்ஜரை மாட்டிவிட்டுப் போவது நல்லது. உங்கள் ஊர்க் குளிரில் அது இன்னும் அவசியம். நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், காலியானது உறைந்து வெடித்துவிடும்.

கேள்வி: பெரிய பேட்டரியையும் அதே மாதிரி வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் என்ன? (திருப்பூர்)

பதில்: உங்கள் காரில் பிளக் சொருக இடமே இல்லையே, கவனித்தீர்களா? உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கை கட்டி நில்லுங்கள். பிளக்-இன் ஹைபிரிட் என்றால் கதை வேறு. அதை மாதக்கணக்கில் விட்டுப் போகும்போது முழுதாக ஏற்றாமல் பாதியளவில் விடுங்கள்.

கேள்வி: என் காரின் பின்புறம் ஸ்மார்ட் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது. இத்தனை கவலையும் எனக்கும் உண்டா? (சேலம்)

பதில்: அது மைல்ட் ஹைபிரிட். பெட்ரோல் காரை எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே நிறுத்துங்கள்.

கேள்வி: எலி? (தஞ்சாவூர்)

பதில்: அதற்கு ஹைபிரிட், டீசல் என்ற பேதமெல்லாம் கிடையாது, ஒயர் என்றால் ஒயர். காருக்குள் முறுக்குத் தூள்கூட இருக்கக் கூடாது. பல ஹைபிரிடுகளில் பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்றுப் போகும் சல்லடை இருக்கும். அதன்மேல் பழைய போர்வையைத் திணித்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே சூடு, வெளியே எலிக்கு மெத்தை.

கேள்வி: இத்தனை பாடும் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருநாள் ஓட்டச் சொன்னால் என்ன? (கோவை)

பதில்: அதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு பேட்டரிக்கும் சார்ஜ், டயருக்கும் பிரேக்குக்கும் அசைவு, டேங்கில் பெட்ரோலும் பழசாகாது. அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, உங்கள் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எந்தத் தேதி வரை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலைத் தாண்டினால் கேமரா அனுப்பும் அபராதம் யார் கணக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும்.